சமயங்களும் அவற்றைத் தாங்கிய நிலமும்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையில், பிச்சாவரத்துக் காயலிலே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் சதுப்பு வனத்தில், சுரபுன்னையும் வெண்கண்டலும் நெருங்கி நிற்க, அவற்றின் நடுவே சற்று மேடான கரைகளில் தில்லை மரமும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு அபாயம் என்று தோணி தள்ளுவோர் எச்சரிப்பார்கள்; கிளையை ஒடிக்க விடமாட்டார்கள். நடராஜப் பெருமானுடைய க்ஷேத்திரத்துக்குத் தல விருட்சம் இதுவே. ஆயினும் அம்மரம் தோப்பாக நிற்பதைக் காண விரும்புகிறவர் கோயிலைச் சுற்றித் தேடிப் பயனில்லை; கடலோரத்துக்கு இந்தப் பிச்சாவரம் வரைக்கும் வந்தாக வேண்டும். காடு இப்படிக் கடலை நோக்கி ஒதுங்கியதற்கு நெல் ஒரு காரணம் என்று கொள்வது பொருந்தும். வண்டல் படிந்த இந்தப் பூமியைத் திருத்திக் கழனியாக்கினார்கள். கழனியின் விளைவு கோயிலை வளர்த்தது. வளர்ந்த கோயில் மேலும் கழனிகளை வேண்டிற்று.

பிச்சாவரத்தையும் சிதம்பரத்தையும் ஒரு கோடியாகவும் கடலூரை மறு கோடியாகவும் வைத்துப் பார்த்தால், ஒரு நாள் நடையில் கடந்துவிடக்கூடிய இந்தச் சிறு நிலப்பரப்பிலே, சமணம், சைவம், வைணவம், இஸ்லாம், கிறிஸ்தவம் ஆகிய ஐந்து சமயங்களும் தத்தம் காலத்தில் உச்சம் கண்டிருக்கின்றன; அவற்றுள் சில நலிந்தும் இருக்கின்றன. இந்த எழுச்சி வீழ்ச்சிகளுக்கு நம் முன்னோர் இரண்டு காரணங்களைச் சொல்லி வந்தார்கள்: வாதத்தில் வென்றது வளர்ந்தது என்பது ஒன்று, அரசன் மதம் மாறினான், குடிகளும் மாறினார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் எந்தச் சமயமும் ஓர் ஊரில் நிலைபெற வேண்டுமானால், நாள்தோறும் விளக்குக்கு எண்ணெயும், துறவிக்கோ அர்ச்சகருக்கோ ஒருவேளை அன்னமும், ஏடு எழுதுவோனுக்குக் கூலியும் எங்கிருந்தேனும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவை யார் வீட்டுக் களஞ்சியத்திலிருந்து வந்தன, எந்த ராஜாங்கத்தின் ஆணையால் வந்தன, எப்பொழுது நின்றன என்று விசாரித்துப் பார்த்தால், புராணங்கள் சொல்லும் கதைக்கு அடியில் இன்னொரு சரித்திரம் கிடப்பது தெரியவரும்.

கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர் பழங்காலத்தில் பாடலிபுரம் என்று பெயர் பெற்ற சமணத் தலைநிலம். அங்கே இருந்த பள்ளியில் சர்வநந்தி என்ற முனிவர், உலகத்தின் அமைப்பை விவரிக்கும் லோகவிபாகம் என்னும் பிராகிருத நூலை எழுதி முடித்தார். மூல நூல் நமக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் சிம்மசூரி என்பவர் செய்த சம்ஸ்கிருத வடிவமே எஞ்சியிருக்கிறது. அதன் இறுதியில், காஞ்சி வேந்தன் சிம்மவர்மனுடைய இருபத்திரண்டாம் ஆட்சியாண்டாகிய சக வருஷம் 380-இல், அதாவது கி.பி. 458-இல், அது முடிந்தது என்ற குறிப்பு இருக்கிறது. பல்லவர் காலக் கணக்கை ஆராய்ச்சியாளர் வகுப்பதற்கு இந்த ஒரு வரி எத்தனை பேருதவி செய்திருக்கிறது! ஒரு துறவி அமர்ந்து வான மண்டலங்களையும் தீவுகளையும் கணக்கிட்டு எழுதுவதற்குரிய ஓய்வையும் ஓலையையும் உணவையும் அவ்வூர் அவருக்கு அளித்திருந்தது. கெடிலம் கடலில் விழும் துறையை அடுத்த அவ்வூரின் வணிகப் பெருமக்களுக்கு அதில் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும். அரசரின் கையும் இருந்தது. பின்னாளில் ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மனுக்குப் பாட்டன் முறையாகக் கருதப்படும் மற்றொரு சிம்மவர்மன், வஜ்ரநந்தி என்ற சமண ஆசாரியருக்குத் தானம் வழங்கிய செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு இன்றும் சொல்கிறது. சமணப் பள்ளிக்கு விடப்பட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று தனிப்பெயரே வழங்கிற்று.

இந்தப் பாடலிபுரத்துப் பள்ளிக்குத்தான், பண்ணுருட்டியை அடுத்த திருவாமூரில் வேளாளர் குடியில் பிறந்த மருணீக்கியார் வந்து சேர்ந்து, தருமசேனர் என்ற பட்டத்தோடு தலைமை எய்தினார். பின்பு சூலை நோயால் வருந்தித் தமக்கை திலகவதியாரை நாடித் திருவதிகைக்குச் சென்று, சிவபெருமானைப் பாடித் திருநாவுக்கரசர் ஆனார். சமணர் சொற்கேட்ட பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டதும், யானையை ஏவியதும், கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்ததும், அக்கல்லே தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்த்ததும் தமிழ்நாடு அறிந்த வரலாறு. கதையின் முடிவை மட்டும் இங்கே ஊன்றிப் பார்க்க வேண்டும். மனம் மாறிய பல்லவ மன்னன் பாடலிபுரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றின் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவாலயம் எடுத்தான் என்று சேக்கிழார் கூறுகிறார். குணபரன் என்பது மகேந்திரவர்மனுடைய விருது. அவன் எதிர்மார்க்கத்தை விட்டு லிங்க வழிபாட்டுக்குத் திரும்பிய செய்தியைத் திருச்சிராப்பள்ளி மலைக் கல்வெட்டும் சூசிப்பிக்கிறது. ஒரு மடத்தின் கல், ஒரு கோயிலின் சுவராயிற்று. மதமாற்றத்தை ராஜாங்கம் நடத்தும்போது சொத்துமாற்றமும் உடன் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உலக சரித்திரத்தில் இது தனிப்பட்ட சம்பவமன்று. சீனத்தில் 845-ஆம் வருஷம் தாங் வமிசத்து வூசோங் சக்கரவர்த்தி ஆயிரக்கணக்கான பௌத்த விகாரங்களை மூடுவித்து, வெண்கல மணிகளையும் பிரதிமைகளையும் உருக்கி நாணயமாக்கி, துறவிகளை வரி செலுத்தும் குடிகளாக வீட்டுக்கு அனுப்பினான். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடாலயங்களைக் கலைத்து, அவற்றின் நிலங்களைப் பிரபுக்களுக்கு விற்றான். மடத்தில் செல்வம் குவிந்திருக்கும்போது, யுத்தத்தாலோ கடனாலோ இடர்ப்படும் அரசின் பார்வை அங்கே திரும்புகிறது; அந்தச் சமயத்தில் ஒரு சித்தாந்தச் சண்டையும் நடந்துகொண்டிருந்தால், காரணத்துக்குப் பஞ்சமில்லை. மகேந்திரனுடைய உள்ளத்தில் பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை; சாளுக்கியரோடு ஓயாமல் பொருத அவனுடைய ராஜ்யத்துக்கு எந்தக் குடிகளின் அபிமானம் இன்றியமையாததாக இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

அந்தக் குடிகள் உழவர்கள். தமிழகத்து வாழ்வின் மையம் துறைமுகங்களிலிருந்து ஏரிக்கரைகளுக்கும் ஆற்றுப் படுகைகளுக்கும் நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. மேல்நாட்டு ரோம வாணிகம் தளர்ந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. புதிய நிலங்கள் உழவுக்கு வந்தன. ஏர்முனையில் புழுவும் பூச்சியும் மடியும் என்று அஞ்சிய கடும் அகிம்சை, தராசு பிடிப்பவனுக்கு எளிதாக இருந்தது போல் மேழி பிடித்தவனுக்கு எளிதாக இருக்கவில்லை. பாட்டையும் கூத்தையும் இல்லறத்தையும் துறவிக்கு விலக்கிய பள்ளியில், ஊரிலுள்ள தச்சனுக்கும் குயவனுக்கும் பூத்தொடுப்பவனுக்கும் மேளம் கொட்டுபவனுக்கும் பெரிய வேலை ஒன்றும் இல்லை. கோயிலிலோ ஒவ்வொரு குடிக்கும் ஒரு கைங்கரியமும், கைங்கரியத்துக்கு ஒரு நெற்படியும் இருந்தன. நாவுக்கரசர் ஊர் ஊராக நடந்து, கையில் உழவாரம் ஏந்திப் புல் செதுக்கி, பாமரரும் கூடிப் பாடும்படியான தமிழில் இறைவனை அழைத்தார். அந்தக் கருவியே உழவனுடைய கருவி. அரசன் பள்ளியை இடிக்காமல் இருந்திருந்தாலும் காலம் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு மறுபக்கத்துச் சாட்சியம் செஞ்சிப் பக்கத்தில் இருக்கிறது. சமணம் தமிழ்நாட்டில் பூண்டோடு அழிந்தது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அது சரியன்று. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களுடைய மடம் இன்றும் இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைச் சீமைகளில் நயினார் என்று அழைக்கப்படும் சமணக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களிற் பெரும்பாலோர் என்ன தொழில் செய்தார்கள்? விவசாயம். நிலத்தில் காலூன்றிய சமணர், அரசர் மாறியும் வமிசங்கள் மறைந்தும் நின்றார்கள். துறைமுகத்தை நம்பிய பாடலிபுரத்துப் பள்ளியோ நூலோடும் கல்லோடும் போயிற்று. சைவப் பேரரசு உச்சத்தில் இருந்த நாளிலேயே, போளூருக்கு அருகில் உள்ள திருமலையில் குந்தவை ஜினாலயம் என்று சோழ அரசகுமாரியின் பெயரால் ஒரு சமணக் கோயில் விளங்கியதையும் மறக்கலாகாது. ராஜாங்கம் பகைத்த நாளும் உண்டு, ஆதரித்த நாளும் உண்டு. இரண்டையும் தாங்கி நின்றது அவர்களுடைய கழனியே.

பௌத்தத்தின் கதி இதற்கு நேர் எதிரான வழியில் அதே பாடத்தைச் சொல்கிறது. உள்நாட்டில் ஆதரவு குன்றிய பின்பும் நாகப்பட்டினத்தில் மட்டும் அது நெடுங்காலம் வாழ்ந்தது. 1006 வாக்கில் ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் அங்கே எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜ சோழன் இறையிலியாகத் தந்தான். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. சிவபாதசேகரன் என்று பெயர் புனைந்த சக்கரவர்த்தி புத்த விகாரத்துக்கு ஊர் கொடுத்தது பரந்த மனத்தால் மாத்திரமன்று. சீனம் வரை செல்லும் கப்பல்களின் வழி ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. கடல் வாணிகம் ஓடிய வரைக்கும் விகாரத்தில் விளக்கு எரிந்தது. 1476-இல் பர்மாவிலிருந்து வந்த பிக்குகள் கூட நாகையில் வழிபட்டுச் சென்றிருக்கிறார்கள். உள்ளூரில் அதற்குக் குடிகள் இல்லாமற் போனபடியால், கப்பல்களின் போக்கு மாறியதும் விகாரம் பாழாயிற்று. எஞ்சி நின்ற கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள்.

மறுபடியும் நம் சீமைக்கு வருவோம். சிதம்பரத்துக்குத் தென்மேற்கே காட்டுமன்னார்கோயிலை ஒட்டி, ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் வீராணம் ஏரி, வீரநாராயணன் என்ற விருது பூண்ட முதலாம் பராந்தக சோழன் (907–955) காலத்தில் வெட்டப்பட்டது. இன்றும் 40,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களுக்கு அதுதான் ஆதாரம். சென்னை மாநகரின் குடிநீரும் அதிலிருந்து போகிறது. தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்த புகழும் அதே பராந்தகனுக்கு உரியது. நீரைத் தேக்கியவனும் பொன் வேய்ந்தவனும் ஒருவனே என்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை. இன்னொன்று என்னை நெடுநாளாகச் சிந்திக்க வைத்தது. வைணவத் திருமுறையாகிய நாலாயிரப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்தது இந்த ஏரிக்கரையிலுள்ள வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயில். அவருடைய பேரர் ஆளவந்தாரும் அவ்வூர்க்காரர். சைவத் திருமுறையைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி பிறந்த திருநாரையூரோ, அங்கிருந்து சிதம்பரம் போகும் வழியில் சில கல் தொலைவில் இருக்கிறது. தமிழ் வேதங்கள் இரண்டும் மறதியிலிருந்து மீண்டது ஒரே நீர்வளத்தைச் சுற்றியிருந்த கிராமங்களிலேதான்! பிரமதேயமாகவும் தேவதானமாகவும் விடப்பட்ட நிலங்களில் இரண்டு போகம் விளைந்தபோது, ஏடுகளைத் தேடி அலையவும், பண் வகுக்கவும், கற்பிக்கவும் ஆட்களுக்கு அவகாசம் கிடைத்தது. ஞானம் அருளால் வருகிறது என்பதை நம்புகிறவன்தான் நான். ஆயினும் அதை ஏட்டில் பதித்துக் காக்கிறவனுக்குச் சோறு வேண்டும்.

சோழர் காலத்துக் கோயிலை இன்றைய கோயிலைப் போல வழிபாட்டு இடமாக மட்டும் எண்ணினால் அதன் பலம் விளங்காது. அது நிலவுடைமைக்காரர், நெல்லையும் பொன்னையும் வட்டிக்குக் கொடுக்கும் சாஹுகார், நூற்றுக்கணக்கானோருக்கு வேலை தரும் ஸ்தாபனம், பஞ்சத்தில் குடிகள் நாடிவரும் களஞ்சியம். முதலாம் குலோத்துங்கனுடைய சேனாதிபதியாகிய மணவிற் கூத்தன் என்ற நரலோகவீரன் சிதம்பரத்தில் நூற்றுக்கால் மண்டபம் எடுத்து, தேவாரத்தைச் செப்பேடுகளில் பொறிப்பித்து, மாசி மகத்தில் இறைவன் கடலாட எழுந்தருளுவதற்காகக் கடற்கரையில் மண்டபமும் அங்கே செல்லப் பெருவழியும் அமைத்தான். உற்சவமூர்த்தி போகும் பாதை வண்டிகளும் போகும் பாதை. கடலுக்கு அப்பாலிருந்தும் காணிக்கை வந்தது. காம்போஜ தேசத்து அரசன் குலோத்துங்கனுக்குக் காட்சிப் பொருளாக அனுப்பிய அபூர்வமான கல்லொன்று 1114-இல் தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அவனுடைய மந்திரியாக இருந்த சேக்கிழார், ஆயிரக்கால் மண்டபத்தில் பெரியபுராணத்தை அரங்கேற்றினார். நாவுக்கரசருக்கும் சமணருக்கும் நடந்த போராட்டத்தை நாம் அறிவது பெரும்பாலும் இந்த நூல் வழியாகத்தான். சம்பவம் நடந்து ஐந்து நூற்றாண்டு கழிந்த பின், வென்ற பக்கத்தின் மாபெரும் கவி, வென்ற பக்கத்து அரசனுடைய அமைச்சர், பாடியது அது. சமணர் தரப்பின் வரலாறு எழுதப்பட்டிருந்தால், அதைப் பிரதி செய்து காக்க யார் மான்யம் கொடுத்திருப்பார்கள்?

அந்தப் பெருவாழ்வின் அடித்தளத்தில் கழனியில் சேற்றை மிதித்தவர்கள் இருந்தார்கள். ஆதனூர் நந்தனாருடைய கதையை எந்த நயத்தோடு சொன்னாலும், கோயிலுக்கு நெல் விளைத்தவனுக்குக் கோயிலின் வாயில் அடைத்திருந்தது என்ற உண்மை மாறாது. அது மனத்தை அறுக்கிறது.

ஒரே மதிலுக்குள் இருக்கும் இரண்டு சந்நிதிகளின் கதையில் அரசியலின் கரம் இன்னும் பச்சையாகத் தெரியும். தில்லையில் நடராஜருக்கு அருகில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாளை, இரண்டாம் குலோத்துங்கன் பெயர்த்துக் கடலில் இடுவித்தான் என்பதை அவனுடைய அவைப்புலவர் ஒட்டக்கூத்தரே பெருமையாகப் பாடியிருக்கிறார். சோழர் மறைந்து, வைணவ அபிமானம் மிகுந்த விஜயநகரத்தார் வந்ததும், 1539-இல் அச்சுதராயர் பெருமாளை மறுபடியும் பிரதிஷ்டை செய்வித்தார். 1597-இல் செஞ்சி நாயக்கனாகிய கிருஷ்ணப்பன் அந்தச் சந்நிதியை விஸ்தரித்தபோது, நடராஜர் கோயிலின் பரம்பரை அர்ச்சகர்களாகிய தீக்ஷிதர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்புக்குச் செவி சாய்க்காததனால் சிலர் கோபுரத்தின் மீது ஏறிக் குதித்து உயிர் விட்டார்கள் என்று, அப்பொழுது அவ்வழியே வந்த பிமெண்டா என்ற ஜெஸுவிட் பாதிரியார் திகிலோடு எழுதி வைத்திருக்கிறார். இறந்தவர் 20 பேர் வரை என்பது அவர் கணக்கு. சைவ வைணவத் தர்க்கம் என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. ஒரு புதிய சந்நிதி என்றால் புதிய கட்டளைகள், புதிய நிலங்கள், புதிய அர்ச்சகர்கள், பழையவர்களின் அதிகாரத்தில் பங்கு. உயிரைக் கொடுத்தவர்களுக்கு அது இறைவனுடைய மானமாகவும் தங்கள் குடியின் வாழ்வாகவும் ஒருங்கே தோன்றியிருக்கும்.

விஜயநகரம் சிதறிய பின் இந்தச் சீமைக்கு வந்த துன்பங்கள் கொஞ்சமல்ல. 1648 முதல் 1686 வரை ஏறக்குறைய 38 வருஷங்கள் நடராஜமூர்த்தியே தில்லையில் இல்லை. குடுமியான்மலையிலும் மதுரையிலும் மறைந்திருந்து, மராத்தியர் ஆதிக்கம் ஏற்பட்ட நாளில் மீண்டும் எழுந்தருளினார் என்று செப்பேடுகளால் அறிகிறோம். அடுத்த நூற்றாண்டில் கர்நாடக யுத்தங்களின்போது கோயிலின் உயர்ந்த மதில்களே அதற்கு வினையாயின. பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியின் சேனையும் அதைக் கோட்டையாகக் கொண்டனர். 1781 ஜூன் மாதம் அதைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுத் திரும்பி, ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றார். பூஜை தடைப்பட்ட அந்நாட்களிலும் கோயிலோடு உறவு விடாதவர்களுள் பிச்சாவரத்து ஜமீன்தார்கள் குறிப்பிடத்தக்கவர்கள். சோழ வமிசத்தார் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அந்தச் சோழனார் குடும்பத்துக்குத் தீக்ஷிதர்கள் சந்நிதியில் முடி சூட்டுவது மரபாக இருந்துவந்தது. ராஜ்யம் போய் ஒரு சிறு ஜமீன் மிஞ்சியிருந்தபோதும், முடி சூட்டும் உரிமை கோயிலுக்கும், சூட்டிக்கொள்ளும் உரிமை அந்தக் குடிக்கும் இருந்ததால், இரு தரப்பாருக்கும் பழம்பெருமை நிலைத்தது.

கடலூர்ப் பக்கம் கிறிஸ்தவம் வேரூன்றிய விதமும் பீரங்கி வண்டிகளின் தடத்தை ஒட்டியே இருக்கிறது. 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு நிலமும் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம்; அப்படிச் சேர்ந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அந்த எல்லைக்குள் தரங்கம்பாடியிலிருந்து வந்த லூத்தரன் பாதிரிமார் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1740-இல் கீர்நாண்டர் என்ற சுவீடன் தேசத்தார் வந்து மிஷன் நடத்தினார். 1749-இல், பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொல்கிறார்கள் என்ற சந்தேகத்தால் கத்தோலிக்கப் பாதிரிமாரைக் கம்பெனியார் வெளியேற்றி, அவர்களுடைய கோயிலைக் கீர்நாண்டர் கையில் ஒப்புவித்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து, 1758-இல், பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்தபோது, கீர்நாண்டர் எல்லாவற்றையும் விட்டுத் தரங்கம்பாடிக்கும் பிறகு கல்கத்தாவுக்கும் போக நேர்ந்தது. அந்தக் கோயிலில் மண்டியிட்ட ஏழைக் குடிகளை, எந்தச் சபையில் இருக்க விருப்பம் என்று இரண்டு தடவையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இஸ்லாம் இக்கரைக்கு வந்த வழி வேறு. அரபுக் கடலோடிகளின் வாணிகத்தோடு வந்து, பரங்கிப்பேட்டை போன்ற துறைகளில் மரக்காயர் குடும்பங்களின் கப்பல் தொழிலோடு வளர்ந்த அது, ஆற்காட்டு நவாபுகளின் அதிகாரத்துக்கு முந்தியது. அதனால்தான் நவாபு ராஜ்யம் மறைந்தும் குன்றவில்லை. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி வந்து கப்பல் வாணிகத்தைப் பறித்தபோது துறை நலிந்தது. ஆட்கள் மலேயாவுக்கும், பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்கும் போய்ப் பொருளீட்டி அனுப்பினார்கள். பள்ளிவாசல்கள் அந்தப் பணத்தால் புதுப்பொலிவு பெற்றன.

பிச்சாவரத்தை அடுத்த கிள்ளையில் வருஷந்தோறும் மாசி மகத்தன்று நடப்பதைத் தனியே குறிப்பிட வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் நெடுந்தூரம் பயணம் செய்து முழுக்குத்துறைக் கடலில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, கிள்ளைத் தைக்கால் தர்காவினர் பட்டும் மாலையும் கொண்டுவந்து சாத்தி வரவேற்கிறார்கள். பெருமாள் பிரசாதமும் அவர்களுக்கு உண்டு. நவாபு காலத்து வருவாய் அதிகாரி ஒருவர் தர்காவுக்கு நிலம் விட்டதை ஒட்டி இந்த மரியாதை ஏற்பட்டது என்று அங்கே சொல்கிறார்கள். பரஸ்பர அன்புக்கு ஒரு நிலமும் ஒரு மரியாதைக் கிரமமும் ஆதாரமாக அமைந்துவிட்டால், அது எத்தனை ராஜாங்க மாற்றங்களையும் தாண்டி வரும் என்பதை மற்றக் கலவரக் கதைகளுக்கு ஈடாக நான் எடுத்து வைக்கிறேன்.

ஆங்கில ஆட்சி கோயில்களை நடத்திய முறை விசித்திரமானது. 1817-ஆம் வருஷத்து ரெகுலேஷனால் கோயில் சொத்துக்கள் ரெவின்யூ போர்டின் மேற்பார்வைக்கு வந்தன. கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரக ஆராதனைக்குக் காரியஸ்தராக இருக்கலாமா என்று பாதிரிமார் இங்கிலாந்தில் கூக்குரலிட, ஆட்சியாளர் மெல்ல விலகி, 1863-ஆம் வருஷத்துச் சட்டத்தால் முற்றிலும் கைகழுவினார்கள். தருமகர்த்தாக்களிற் பலர் சொத்தைத் தம்முடையதாக்கிக் கொண்ட காலம் அது. அந்தச் சோர்விலிருந்து சைவ ஆலயங்களை மீட்ட பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பர்மாவின் ஐராவதி நெல்வயல்களிலிருந்து. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டைத் திருத்தும் உழவருக்குக் கடன் கொடுத்த நாட்டுக்கோட்டை நகரத்தார், வட்டியில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி, பாடல் பெற்ற தலங்களிற் பலவற்றைக் கல்லால் புதுப்பித்தார்கள். சிதம்பரத்துக்கும் அவர்களுடைய திருப்பணியால் புதிய வாழ்வு வந்தது; 1929-இல் அண்ணாமலை அரசரின் கொடையால் பல்கலைக்கழகமும் எழுந்தது. நம் நாட்டுக் கோபுரத்தின் சுதைக்கும் பொன்னுக்கும் பர்மியக் குடியானவனுடைய வியர்வையும் சேர்ந்திருக்கிறது என்பதை நன்றியோடும் சற்று வருத்தத்தோடும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அரசரையும் ஜமீனையும் செட்டியாரையும் சாராமல் ஒரு சமய இயக்கம் எழ முடியுமா? சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க சுவாமிகள் அதற்கு வடலூரில் விடை தேடினார். மழை பொய்த்து, வரிக்கொடுமையும் வயிற்றுப்பசியும் தென்னார்க்காட்டை வாட்டிய காலத்தில், அவர் முதலில் கட்டியது கோயிலன்று. 1867 மே மாதம் 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் திறந்து, சாதி மத பேதமின்றிப் பசித்தோருக்குச் சோறிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஞானசபை எழுந்தது அதற்கு ஐந்து வருஷம் பின்பு, 1872-இல். சிதம்பரத்தில் பரம்பரை அதிகாரம் காத்துவந்த ரகசியத்தை, வெட்டவெளியில் ஏழு திரைகளை நீக்கி எல்லாருக்கும் ஜோதியாகக் காட்டும் இந்த ஏற்பாடு பழைய சைவர்களுக்கு உவப்பாக இருந்திராது; அவர்களுடைய எதிர்ப்பு அதற்கு முன்பே மூண்டிருந்தது என்பதற்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போன ஆறுமுக நாவலருடைய வழக்கே சாட்சி. அதே சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் (1890–1959) நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் நிறுவி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்ததையும் இந்த வரிசையில் சேர்க்கிறேன். பசியும் கல்வியும் தீர்க்கப்படாத இடத்தில் பக்தியின் பெயரால் கேட்கப்படும் விசுவாசம் நெடுநாள் நிற்காது என்று இருவரும் உணர்ந்திருந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின்னரும் வழக்கு முடியவில்லை. சிதம்பரம் கோயிலின் நிர்வாகம் அரசாங்கத்துக்கா தீக்ஷிதர்களுக்கா என்பது 1951-இல் சென்னை உயர்நீதிமன்றத்திலும், 2009-இல் அரசு நிர்வாகத்தை ஏற்ற பின்பு மறுபடியும் நீதிமன்றங்களிலும் விசாரணைக்கு வந்து, 2014 ஜனவரி 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பொது தீக்ஷிதர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வடலூரிலோ, தருமச்சாலையும் ஞானசபையும் அமைவதற்காகப் பார்வதிபுரம் கிராமத்தார் இராமலிங்க சுவாமிகளுக்கு எழுதிக்கொடுத்த 80 காணி நிலம் இன்று அறநிலையத் துறையின் பரிபாலனத்தில் இருக்கிறது. தைப்பூசத்தன்று லக்ஷக்கணக்கானோர் கூடும் அந்தப் பெருவெளியில் 2024-இல் அரசாங்கம் சர்வதேச மையம் ஒன்று கட்டத் தொடங்கியபோது, பார்வதிபுரத்து மக்கள், எங்கள் பாட்டன்மார் ஜோதி தரிசனத்துக்கென்று கொடுத்த நிலம் இது என்று சொல்லித் தோண்டிய குழிகளில் இறங்கி நின்று தடுத்தார்கள். விஷயம் உயர்நீதிமன்றம் வரை போயிற்று.